கோடைச் செய்திகளில் இல்லாத பிள்ளைகள்

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் நம் பங்குகளில் ஒரு சுறுசுறுப்புப் பிறக்கிறது. விடுமுறை விவிலியப் பள்ளி, புதுநன்மைக்கான ஆயத்த வகுப்பு, மே மாத வணக்கமாதச் செபமாலை, பீடச் சிறுவர் முகாம், இளையோர் விளையாட்டுப் போட்டி, கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்று நாள்கள் நிரம்பிவிடுகின்றன. ஆனி பிறப்பதற்குள் இவையெல்லாம் செய்திகளாகித் திங்களிதழ்களுக்கும் பங்கு மடல்களுக்கும் வந்து சேருகின்றன. இத்தனை பிள்ளைகள் கலந்துகொண்டனர், இத்தனை பேர் புதுநன்மை வாங்கினர், இன்னார் பரிசுகளை வழங்கினார், இன்னார் அன்பு விருந்துக்கு உபயம் செய்தார் என்று அச்செய்திகள் கூறும். படிக்க இனிமையாகவே இருக்கும்.

அச்செய்திகளில் பொய் ஏதும் இல்லை. நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் ஊதியம் வாங்காமல், வெயிலைப் பாராமல் உழைக்கிறார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. என் வழக்கு அவர்கள்மீது இல்லை. நாம் எண்ணுகிற முறைமீது. வந்த பிள்ளைகளை ஒருவர் விடாமல் எண்ணும் நாம், வராத பிள்ளைகளை எண்ணுவதே இல்லை. அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பதும் இல்லை. ஆரணி போன்ற நெசவூரின் பங்கில் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது சிறு குறையாகாது. அது நம் சமூக வாழ்வின் நடுவில் உள்ள ஓட்டை.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணியை வெளியூரார் இரண்டு பொருள்களால் அறிவர்: அரிசி, பட்டு. அரிசி ஆலைகளின் வேலை வெளியே தெரியும். பட்டு நெசவின் வேலை வீட்டுக்குள் நடப்பது. நகரத்திலும் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் வீடே பட்டறை. தரையில் குழி வெட்டி, அதில் கால் தொங்கவிட்டு, மிதிப்பலகையை மிதித்து நெய்யும் குழித்தறியைப் பார்க்காத ஆரணிக்காரர் இருக்க முடியாது. பாவும் ஊடையும் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டு. சரிகை சூரத்திலிருந்து வருவது. இவற்றை வாங்கித் தருபவர் முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கம். நெய்பவருக்குக் கிடைப்பது கூலி. முதலாளியிடம் நெய்பவர் பலர் முன்பணம் வாங்கியிருப்பர். அது தீரும்வரை வேறு தறி தேடிப் போவது எளிதன்று.

சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும்போது நாடாக்கள் பலவாகின்றன. ஒருவர் தனியாக நெய்வது கடினம். தறியின் ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர ஒரு துணையாள் தேவை. அந்தத் துணையாளுக்குத் தனிக் கூலி கொடுத்தால் நெசவாளியின் கையில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே மனைவி உட்காருகிறாள். அவளுக்கு அடுப்பும் கைக்குழந்தையும் இருந்தால் மகனோ மகளோ உட்கார வேண்டியதாகிறது. நூல் இழைப்பதும், ஊடைக்குத் தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் சிறு விரல்களுக்கு எளிதில் பழகும் வேலைகள். பள்ளி நடக்கும் மாதங்களில் இவ்வேலை காலையிலும் மாலையிலும் நடந்தால், விடுமுறையில் அது நாள் முழுவதும் நீள இடமுண்டு. போதாக்குறைக்கு, வைகாசி முகூர்த்தங்களுக்குச் சேலை கேட்கும் பருவமும் அதுவே. விடுமுறை விவிலியப் பள்ளியைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, தறி வீட்டுப் பிள்ளை வரவில்லையே, பெற்றோருக்குப் பக்தி குறைந்துவிட்டதே என்று நாம் கவலைப்படுகிறோம்! பக்தியை அளக்கிற கோல் இதுதானா?

நாட்டின் சட்டமும் இவ்விடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெய்தல் ஆகியவற்றைச் சிறுவர்களுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. 2016-இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று பொதுவாகத் தடுத்தது, பாராட்டத்தக்கதே. ஆயினும், ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்கள் நீங்கலாக, பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறை நாள்களிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்றும் அத்திருத்தம் கூறிற்று. விடுமுறை என்பது ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரியது என்ற எண்ணம், ஏழை வீட்டுப் பிள்ளையின் மட்டில் சட்டத்தின் எழுத்திலேயே தளர்ந்துபோயிற்று. உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று வீட்டுக்குள் நுழைந்து அளக்க எந்த அதிகாரியால் முடியும்? அதிகாரி நுழைய முடியாத வீட்டுக்குள் அண்டை வீட்டார் நுழையலாம், அன்பியத்தார் நுழையலாம், பங்குத்தந்தை நுழையலாம். திருச்சபைக்கு இங்கே வேலை இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். குலத்தொழிலைப் பிள்ளைகள் கற்பது தவறா என்று சிலர் கேட்பர். கற்பது தவறன்று. நாசரேத்து இல்லத்தில் இயேசுவும் தொழில் கற்றார்; பவுல் கூடாரத் தொழில் அறிந்தவர், கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அத்தொழிலைச் செய்தவர். யோப்பாவில் வாழ்ந்த தபித்தா கைம்பெண்களுக்கு ஆடை செய்து கொடுத்தவர். கைத்தொழிலை இழிவாகக் கருதும் மனம் நமக்கு வேண்டாம். ஆனால் கற்பவனுக்கு நேரம் உண்டு, ஆசான் உண்டு, கற்று முடிக்கும் நாள் உண்டு. கரை நாடாவைத் தள்ளும் பிள்ளை முதலிரு மாதங்களில் கற்க வேண்டியதைக் கற்றுவிடுகிறது. அதற்குப் பின் அது செய்வது கற்றல் ஆகாது, ஒரு கூலியாளின் வேலை. அந்த வேலைக்குரிய கூலியைச் சேலையின் விலையில் சேர்க்காமல் விட்டவர் யாரோ, ஆதாயம் அவருக்கே. குலத்தொழில் என்ற சொல் அவருடைய கணக்கை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

பிள்ளை உதவாவிட்டால் வீட்டில் உலை ஏறாதே என்பது அடுத்த மறுப்பு. இது கனமானது, இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பெற்றோரைக் குற்றவாளிகளாக்கி மேடையில் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தம் பிள்ளை படிக்க வேண்டும் என்று நெசவாளித் தாய் விரும்பும் அளவுக்கு நாம் விரும்புவதில்லை. ஆனால் வறுமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்வது பதிலாகுமா? வறுமையைக் காட்டித்தான் நூறாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய ஆலைகளும் சிறுவர்களை வாங்கின. அதைக் கண்டுதான் பதின்மூன்றாம் சிங்கராயர், 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிர்வதற்கு முன் பிள்ளைகளைத் தொழிற்கூடங்களில் விடலாகாது என்று எச்சரித்தார். குடும்பத்தைத் தாங்கும் அளவுக்குத் தொழிலாளியின் கூலி இருக்க வேண்டும் என்பதும் அம்மடலின் போதனை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. தந்தையின் கூலி போதாத வீட்டில் பிள்ளையின் கை தேவைப்படுகிறது; பிள்ளையின் கை இலவசமாகக் கிடைக்கும்வரை தந்தையின் கூலி உயரக் காரணம் இல்லை.

ஆலயத்தின் பணி ஆன்ம காரியம், தறியும் கூலியும் சங்கங்களின் காரியம் என்பது மூன்றாம் மறுப்பு. இது கேட்பதற்குப் பக்தியாக இருக்கிறது. நம் மண்ணின் வரலாற்றுக்கு முன் நிற்காது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை நம் முன்னோர் மறக்கவில்லை. அப்பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் ஆரணிக்கு அண்மையிலுள்ள சேத்துப்பட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். 1916-இல் மறைந்த தாராஸ் அடிகளாரை வட ஆற்காட்டின் திருத்தூதர் என்று இன்றும் போற்றுகிறோம். பசியின் ஆண்டுகளில் வேர்விட்ட திருச்சபை நம்முடையது. உடலின் துயரம் வேறு, ஆன்ம காரியம் வேறு என்று அன்று பிரித்திருந்தால், இன்று தேர் இழுக்கும் நம்மில் எத்தனை பேர் இங்கே இருந்திருப்போம்?

திருச்சபையின் நாள்காட்டியும் இதையே சொல்கிறது. விடுமுறையின் தொடக்கத்தில் வரும் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக 1955-இல் ஏற்படுத்தினார் பன்னிரண்டாம் பத்திநாதர். மாதம் முழுவதும் மாதாவின் வணக்கமாதம். உழைத்த தந்தையும் உழைத்த தாயும் நம் கோடைக்குக் காவல். அந்தக் கோடையில் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நம் மறையுரைகளில் எத்தனை முறை பேச்சு வருகிறது?

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்க வேண்டுகிறேன். மாதாவின் சுரூபத்துக்குப் பட்டு சாத்துவது தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய பக்தி. வேளாங்கண்ணியிலும் சேலை நேர்ச்சை உண்டு. நம் பங்குகளிலும் திருவிழாவுக்குப் புதுப்பட்டு எடுக்கிறோம். அந்த வழக்கத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தச் சேலையை நெய்தவர் யார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது, கரை நாடா யார் கையில் இருந்தது என்று வாங்கும்போது கேட்கலாம் அல்லவா? தறிகள் தூரத்து ஊரில் இருந்தால் கேட்பது கடினம். ஆரணியில் அது நடந்து போய்க் கேட்கும் தொலைவு. ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பொழுதைத் தின்ற பட்டு எத்தனை மின்னினாலும், பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கும் அத்தாய்க்கு அது அலங்காரம் ஆகுமா?

குறை சொல்லி முடிப்பது எளிது. ஆகவே, செய்யக் கூடியவற்றையும் சொல்கிறேன். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

முதலாவது, நேரம். தறி வீடுகள் உள்ள பங்கில் விடுமுறை விவிலியப் பள்ளியைத் தறியின் நேரம் அறிந்து அமைக்க வேண்டும். மாலை நேரமா, இரண்டு பிரிவுகளா என்பதை ஆசிரியர்கள் மட்டும் கூடி முடிவு செய்யாமல், நெசவாளிப் பெற்றோரை அழைத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பாட்டும் நடனமும் இருக்கட்டும்; அவற்றோடு ஒரு வேளை நல்ல உணவும், பள்ளிப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் இருக்கட்டும். ஒரு வேளைச் சோறு பங்கில் கிடைத்தால், பிள்ளையை அனுப்புவதில் பெற்றோரின் தயக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

இரண்டாவது, பணம். பங்குக்கு நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்திருக்கிறது. பொதுநிலையினருக்கு அதில் இடமுண்டு. அங்கே அமர்ந்திருப்பவர்கள் திருவிழாக் கணக்கை எடுத்து, வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் அலங்கார வளைவுக்கும் போகும் தொகையில் பத்தில் ஒரு பங்கையேனும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும்படி கேட்கட்டும். ஜூன் மாதத்தில் நோட்டுக்கும் சீருடைக்கும் பணமில்லாமல் மேலும் ஒரு முன்பணம் வாங்கும் குடும்பத்துக்கு அது கைகொடுக்கும். வின்சென்ட் தே பவுல் சபையார் இத்தகைய வேலையில் பழகியவர்கள், அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

மூன்றாவது, அறிவு. நெசவாளர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்புரிமை, நெசவாளருக்கான முத்ரா கடன் முதலியவற்றைப் பற்றித் தெரியாமலோ, விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலோ இருப்பவர் உண்டு. கல்லூரி படித்த நம் இளையோர் விடுமுறையில் இரண்டு மாலைகள் அன்பியக் கூட்டத்தில் அமர்ந்து அந்த விண்ணப்பங்களை நிரப்பித் தரட்டும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எளிய தமிழில் எடுத்துச் சொல்லட்டும். முன்பணத்துக்காக ஒரு குடும்பத்தையே தறியில் கட்டிப்போட எவருக்கும் உரிமை இல்லை என்று அறிவது ஒரு நெசவாளிக்குத் தரும் தைரியம் சிறிதன்று.

நான்காவது, எல்லை. தறியில் அமரும் பிள்ளைகளில் நம் சமயத்தைச் சாராதவரே மிகுதி. ‘நம் பிள்ளைகள்’ என்று நாம் சொல்லும்போது அவர்களைத் தள்ளிவிட்டால், நல்ல சமாரியன் கதையைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவதில் பொருளில்லை. உணவும் பாடமும் எல்லார்க்கும் பொதுவாக இருக்கட்டும். மறைக்கல்வி அதற்குரியவர்களுக்கு அதன் நேரத்தில் நடக்கட்டும். உதவியைக் காட்டி யாரையும் இழுக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

இவையெல்லாம் பட்டுத் தொழிலின் சிக்கலைத் தீர்த்துவிடுமா என்று கேட்டால், தீர்க்காது. பட்டு விலையையும் சரிகை விலையையும் ஒரு பங்கு மாற்ற முடியாது. விசைத்தறியின் போட்டியையும் தடுக்க முடியாது. ஆனால் தன் எல்லைக்குள் எத்தனை தறிகள் ஓடுகின்றன, அவற்றின் ஓரத்தில் எத்தனை பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர் என்று ஒரு பங்கு அறிந்துகொள்ள முடியும். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமையை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். அந்த ஆயன் முதலில் செய்தது எண்ணிப் பார்த்ததுதான். எண்ணாதவனுக்கு ஒன்று குறைவது எப்படித் தெரியும்?

வரும் கோடைக்கு முன், பங்குப் பேரவை கூடும்போது இதை ஒரு பொருளாக எழுப்புங்கள். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவிலுள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதட்டும். விடுமுறையில் யார் எங்கே இருந்தனர் என்று ஜூனில் குறிக்கட்டும். அடுத்த ஆண்டுச் செய்தியில், கலந்துகொண்டோர் தொகைக்குக் கீழே ஒரு வரி கூடட்டும்: வராதவர் இத்தனை பேர், அவர்கள் வீடுகளுக்குப் போனோம், இன்ன காரணம் அறிந்தோம், இன்னது செய்தோம். அந்த ஒரு வரியை எழுத நம் பங்கு ஆயத்தமா?