வரம்பு வகுப்போர் யார்?

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் செல்வோர் ஒரே பயணத்தில் இரு திணைகளைக் காண்கின்றனர். உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். வெள்ளாற்றைத் தாண்டினால் நெல்வயல்கள். மாவட்டம் ஒன்றே. ஆயின் இவ்விரு நிலங்களுக்கும் சட்டம் அளித்துள்ள காவல் ஒன்றன்று.

சுற்றுச்சூழலுக்கான தர அளவுகளை வகுக்க வேண்டியது நடுவண் அரசா, மாநில அரசா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகின்றது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை, மாநிலங்கள் சில தீர்மானம் நிறைவேற்றி வேண்டியதன் பேரிலேயே நாடாளுமன்றம் இயற்றிற்று. போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திற்கு அத்தகைய வேண்டுகோள் தேவைப்படவில்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றுவதாகக் கூறி நாடாளுமன்றம் தானே இயற்றிக்கொண்டது. அன்றுமுதல் கடிவாளம் தில்லியின் கையில். மாநில உரிமையில் பற்றுடைய நமக்கு இது உறுத்தலே. எனினும், 2010 சனவரியில் மிகவும் மாசடைந்த 43 தொழிற்பகுதிகளுள் கடலூரையும் சேர்த்து, புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கங்களுக்கும் இசைவு வழங்குவதை நிறுத்தி வைத்தது நடுவண் அரசே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. (அத்தடை பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது வேறு கதை.)

பத்தாண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. 2020 சனவரியில், நிலப்பரப்பில் தோண்டும் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என நடுவண் அரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகைப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அத்தகைய புதிய கிணறுகளைத் தடுத்தது. நம் மாணவர் பலரின் சொந்த ஊர்கள் அமைந்த பரங்கிப்பேட்டை, புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் ஒன்றியங்கள் அதனுள் அடங்கும். சிப்காட் அடங்காது.

ஆகவே, தில்லி என்றும் கடுமை, சென்னை என்றும் தளர்வு என்றோ, அதற்கு மாறாகவோ கூறுவது பொருந்தாது. நடுவண் அரசு வகுப்பது அடித்தளமாக இருக்கட்டும். அதற்குக் கீழே எம்மாநிலமும் இறங்கலாகாது. மேலே செல்ல விரும்பும் மாநிலத்தைத் தடுத்தலும் கூடாது என்பதே நம் கருத்து. இது நம் கற்பனையன்று. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளுள் மூன்றாம் விதி, கழிவு சென்று சேரும் இடத்தின் தன்மையைக் கருதி, காரணங்களை எழுத்தில் பதிந்து, நடுவண் அளவினும் கடுமையான அளவை விதிக்க மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அதிகாரம் தருகின்றது. உப்பனாற்றைக் காட்டிலும் தகுந்த காரணம் வேறென்ன வேண்டும்? மாநில உரிமை கோரி முழங்கும் மேடைகளில் இவ்விதியைப் பற்றி ஒரு சொல்லும் நாம் கேட்டதில்லை. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் கூடும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திற்கு, நம் மாணவர்கள் அவ்விதியின் படியொன்றை மனுவோடு இணைத்து எடுத்துச் செல்வார்களாக.