காப்பர்-டி யாருக்கு ஆகாது?

“பிள்ளை பெறாதவளுக்குக் காப்பர்-டி போடக்கூடாது, போட்டால் பிறகு கரு நிற்காது” என்ற பேச்சு வீடுகளோடு நிற்கவில்லை. சில மருத்துவமனைகளிலும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. கருப்பைக்குள் வைக்கும் இந்தக் கருத்தடைச் சாதனத்தைப் பிள்ளை பெறாதவர்களுக்கும் போடலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை சொல்கிறது. 1970களில் அமெரிக்காவில் விற்ற டால்கான் ஷீல்டு என்ற அதே வகைச் சாதனம் பல பெண்களுக்குக் கடுமையான தொற்றைத் தந்தது உண்மைதான். ஆனால் அதன் நூல் பல இழைகளை ஓர் உறைக்குள் அடக்கிச் செய்தது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதன் வழியே கிருமிகள் ஏறின. இன்றைய காப்பர்-டியின் நூல் ஒற்றை இழை. 2001-இல் வெளியான மெக்சிகோ ஆய்வு ஒன்று, அதுவரை கருத்தரிக்காத பெண்களில் சினைக்குழாய் அடைப்புக்குக் காரணம் தேடியது. காப்பர்-டிக்கும் அடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. கிளமிடியா தொற்றின் தடயத்துக்கும் அடைப்புக்கும்தான் தொடர்பு தெரிந்தது.

“போட்ட பிறகு தொற்று வந்தவர்கள் இருக்கிறார்களே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆபத்து பெரும்பாலும் போட்ட முதல் 20 நாட்களுக்குள் அடங்குகிறது. கருப்பை வாயில் ஏற்கெனவே இருந்த கிருமி, போடும்போது உள்ளே போய்விடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது பிள்ளை உண்டா என்பதை அல்ல, சீழ் கலந்த வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் உண்டா என்பதை.

இந்தப் பேச்சின் மறுபாதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: “இரண்டு பெற்றவளுக்கு என்ன, தாராளமாகப் போடலாம்.” மாதவிலக்குக்கு இடையிலோ உறவுக்குப் பின்னோ காரணம் தெரியாமல் இரத்தம் படுகிற பெண்ணுக்கு, எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும், காரணம் தெரியும்வரை போடக்கூடாது. அது கருப்பை வாய்ப் புற்றாக இருக்கலாம். போட்டுவிட்டால், பிறகு படும் இரத்தத்துக்கெல்லாம் காப்பர்-டிமேல் பழி போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இடுப்புக்குழிக் காசநோய், கருப்பையின் உள்ளறையை உருமாற்றிய நார்க்கட்டி, செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் ஆகியவையும் தடைகளே.

இரத்தசோகை முழுத் தடை அல்ல. ஆனால் காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டும். ஏற்கெனவே அதிகம் போகிறவருக்கு, போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனமே பொருத்தம்.

“பிரசவமான பிறகு என்றைக்குப் போட்டாலும் ஒன்றுதான்” என்பதும் சரியல்ல. தாயிடம் முன்பே கேட்டுச் சம்மதம் பெற்று, 48 மணி நேரத்துக்குள் போடலாம். தவறினால் நான்கு வாரம் பொறுப்பதே நல்லது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்குமேல் ஆகிப் பிரசவித்தவருக்கும், தொற்றுக் காய்ச்சல் உள்ளவருக்கும் அந்த 48 மணி நேரத்துக்குள்ளும் போடக்கூடாது.