பி.டி. பீரியடும் ஒரு வாத்தியாரும்

2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தில் அஜய் தேவ்கன் நடித்த ரஹீம் சாப் யாரென்று பலருக்குத் தெரியாது. சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர். உஸ்மானியா பல்கலைக்கழக மாணவராகக் கால்பந்து ஆடியவர், பிறகு பள்ளி ஆசிரியர். 1950-ல் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி! நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நான்கே வருடத்தில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம். அடுத்த ஜூன் மாதமே புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அதன்பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கமே இல்லை.

இத்தனையும் செய்தது வெளிநாட்டுக் கோச் அல்ல, ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! இன்று திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எத்தனை பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார், யோசித்துப் பாருங்கள். சிப்காட்டில் வேலை கிடைக்க மார்க் வேண்டும்தான். ஆனால் பந்தையே தொடாத பிள்ளைகளிலிருந்து இன்னொரு ரஹீம் எப்படி வருவார்? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுங்கள், சார்!