முகம் கோணினால் வாதந்தானா?

ஒரு வாரமாகக் காய்ச்சல். தலைவலி மண்டையைப் பிளக்கிறது. திடீரென ஒரு பக்கம் வாய் கோணுகிறது. அல்லது ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "வாதம்" என்பார்கள்.

உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம்!

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. 6-வது நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிறது. 7-வது முகத்தை அசைக்கிறது. 8-வது காது கேட்க உதவுகிறது. உண்ணிக் காய்ச்சல் கிருமி நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அது மூளை வரை போனால் இந்த நரம்புகள் செயல் இழப்பதுண்டு. கண்ணும் முகமும் பாதிக்கப்படுவது அபூர்வம். காது மந்தமாவது அவ்வளவு அபூர்வம் அல்ல.

பெயரில்தான் குழப்பம். இது மாட்டு உண்ணி அல்ல. புதரில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு. கண்ணுக்கே எளிதில் தெரியாது. எலிகள் மேல் ஒட்டி வாழும். "எங்கள் வீட்டில் மாடே இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலைகள். ஆலை வந்துவிட்டால் காட்டு நோய் போய்விடுமா? போகாது. மதிலுக்கு வெளியே வேலிகாத்தான் புதரும் எலியும் இருந்தால் பூச்சிக்குப் போதும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியினரும் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் வட தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைக் கவனித்து வந்தனர். முடிவு 2025-ல் வெளியானது. ஆண்டுக்கு 10 பேரில் ஒருவர் வரை இக்கிருமி தொற்றுகிறதாம்! பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வருகிற சிலருக்கோ உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவில் உண்ணி கடித்துப் பரவும் 'லைம்' என்னும் வேறொரு நோய் உண்டு. அது பரவிய ஊர்களில், கோடையில் ஒரு பிள்ளைக்கு முகம் கோணினால், "உண்ணி கடித்ததா?" என்று டாக்டர் கேட்கிறார். இங்கும் அக்கேள்வி வேண்டும். காய்ச்சலோடு கண்ணோ முகமோ காதோ கெட்டால், "புதர்ப் பக்கம் போனாயா?" என்று கேட்கட்டும்.

காய்ச்சலே இல்லாமல் முகம் கோணினாலும் வீட்டில் இருக்கக் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோயை நிச்சயிக்க எலிசா ரத்தப் பரிசோதனை உண்டு. மருந்து டாக்ஸிசைக்ளின், விலை மலிவு. பென்சிலின் இதற்குப் பயன்படாது. நோய் முற்றியவர்களுக்கு இத்துடன் அஸித்ரோமைசினும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது மேல் என்று 2023-ல் இந்திய டாக்டர்கள் நிரூபித்தார்கள்.

பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது, அதனால் நோயாளி சொல்லமாட்டார். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ் தேடிப் பார்க்க வேண்டும். பெண்கள் கூச்சப்பட்டு மறைப்பதுண்டு. தாயோ அக்காளோ பார்த்து டாக்டரிடம் சொன்னால் போதும்.