சுவரில் திரை வந்தது. பிள்ளைக்கு என்ன வந்தது?

கடலோரப் பள்ளிக்கூடங்களில் புதிய கருவிகள் யாருக்கு உதவும்? யாரை விட்டுவிடும்?

தூத்துக்குடியில் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில், உப்பளத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பு வாரவேண்டும். அதனால் தாயும் தகப்பனும் இருட்டோடு எழுந்து போய்விடுகிறார்கள். பிள்ளை தானே எழுந்து, தானே தலை வாரி, தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து சேருகிறது.

அதே வகுப்பில் கடலுக்குப் போகிறவரின் மகன் இருக்கிறான். வீட்டில் உள்ள ஒரே செல்போன் தகப்பனாரோடு கடலுக்குப் போய்விடும். அடுத்த பெஞ்சில் காது மந்தமான ஒரு சிறுமி. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால், அவளுக்கு ஒன்றும் விளங்காது. கடைசி பெஞ்சில் வடமாநிலத்தில் இருந்து வேலைக்கு வந்தவரின் மகள். வீட்டில் பேசுவது வேறு மொழி. தமிழ் இன்னும் அவள் வாயில் வரவில்லை.

பாடம் ஒன்று. புத்தகம் ஒன்று. பிள்ளைகள் மட்டும் நாலு விதம்!

இப்படிப்பட்ட வகுப்புகளின் சுவரில்தான் இப்போது திரைகள் வந்துகொண்டிருக்கின்றன. படம் ஓடுகிறது. பாட்டு கேட்கிறது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. பெற்றோருக்குப் பெருமை.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த நாலு பிள்ளைகளுக்கும் அந்தத் திரை ஒன்றுபோல உதவுமா?

கருவிகள் வந்த கதை

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கருவிகள் புதியவை அல்ல. 2011-ம் ஆண்டில் அரசாங்கம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. 2018-ம் ஆண்டில் வந்த புதிய பாடபுத்தகங்களில், கட்டம் கட்டமாக ஒரு சதுரக் குறி அச்சிடப்பட்டது. செல்போனை அதன்மேல் காட்டினால் பாடம் படமாக வரும். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "கல்வி தொலைக்காட்சி" தொடங்கியது. பிறகு திரை வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வந்தன.

கருவிக்குக் குறைவு இல்லை. அந்தக் கருவி எந்தப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

அச்சு கண்ட கரை

இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டாம். முத்துக்குளித்துறையின் பழைய கதையிலேயே அது இருக்கிறது.

அச்சு இயந்திரம் ஒரு காலத்தில் புதுமையிலும் புதுமை. அது ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துக்கீசியர். அவர் இந்தக் கரை மக்களுக்காக ஒரு புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். அதுதான் "தம்பிரான் வணக்கம்". 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. 16 பக்கம்தான். ஆனால் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுவே.

இதில் ஒரு விசேஷம் உண்டு.

அச்சு இயந்திரம் வெளிநாட்டுச் சரக்கு. என்றாலும் புத்தகம் போர்த்துக்கீசிய மொழியில் வரவில்லை. "நீங்கள் எங்கள் எழுத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று மக்களிடம் சொல்லவில்லை. தமிழ் எழுத்துக்குத் தனி அச்சு வார்த்தார்கள். அதாவது, கருவியை மக்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

புள்ளி எழுத்து

இன்னொரு கதை பாளையங்கோட்டையில் நடந்தது. 1986-ம் ஆண்டு வரையில் தூத்துக்குடியும் பாளையங்கோட்டையும் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான்.

அங்கே ஆஸ்க்வித் அம்மையார் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1890-ம் ஆண்டில் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் என்ற கண் தெரியாத இளைஞர், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை அமைத்திருந்தார். அந்தப் புள்ளிகளைத் தமிழுக்கு ஏற்றபடி அமைக்கும் வேலை பாளையங்கோட்டையில் நடந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-ம் ஆண்டில் வந்தது.

அதே ஊரில், அதே காலத்தில், சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் அந்தப் பள்ளி விளங்குகிறது.

கண் தெரியாதவருக்கு விரல். காது கேளாதவருக்குக் கண். எந்த வாசல் திறந்திருக்கிறதோ, அந்த வாசல் வழியாகப் பாடம் உள்ளே போயிற்று.

பெரு நாட்டில் நடந்தது என்ன?

இப்போது இன்றைய உலகத்தைப் பார்ப்போம்.

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அந்த நாட்டு அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தது. ஒன்று இரண்டு அல்ல. 10 லட்சத்துக்கு மேல்! கல்வி பறந்து வளரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

வளரவில்லை. கிராமப் பள்ளிகளில் ஆராய்ச்சி செய்தார்கள். லேப்டாப் வாங்கிய பிள்ளைகள், வாங்காத பிள்ளைகளைவிடக் கணக்கிலோ மொழியிலோ தேறியிருக்கவில்லை.

காரணம் என்ன? கருவி வந்தது, பாடம் சொல்லும் முறை மாறவில்லை. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்களுக்குப் போதுமான பயிற்சி இல்லை. ஐ.நா. சபையின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ, 2023-ம் ஆண்டு வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையில் இதை எடுத்துக்காட்டியது. கருவி ஆசிரியருக்குத் துணையாக இருக்கவேண்டும். ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கக்கூடாது என்றும் சொன்னது.

டெல்லியில் நடந்தது வேறு

நம் நாட்டுத் தலைநகரில் வேறு விதமான சோதனை ஒன்று நடந்தது.

அரசுப் பள்ளிகளில் 6-ம் வகுப்பு முதல் 9-ம் வகுப்பு வரை படித்த 619 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்தபோது ஒரு உண்மை தெரிந்தது. 6-ம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள்! 6-ம் வகுப்புப் பாடத்தை எத்தனை பெரிய திரையில் காட்டினாலும் அவர்களுக்கு அது எப்படி ஏறும்?

பள்ளி முடிந்தபிறகு, சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு வைத்தார்கள். 45 நிமிஷம் கம்ப்யூட்டர். 45 நிமிஷம் சிறு குழுவாக ஆசிரியரிடம் பாடம். அந்தக் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் இருந்து தொடங்கியது. தவறு செய்தால் அந்தத் தவறுக்கு ஏற்ற அடுத்த கேள்வியைக் கொடுத்தது.

நாலரை மாதம்தான். இந்தப் பிள்ளைகள் கணக்கிலும் இந்தியிலும் மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு முன்னேறினார்கள். வகுப்பில் கவனிப்பார் இல்லாமல் தேங்கிக் கிடந்த பலவீனமான பிள்ளைகளுக்கு இதனால் கிடைத்த லாபம், ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் பெரிது. இந்த ஆராய்ச்சியின் முடிவு 2019-ம் ஆண்டு வெளியாயிற்று.

பெருவிலும் கம்ப்யூட்டர். டெல்லியிலும் கம்ப்யூட்டர். ஓர் இடத்தில் பிள்ளை கருவிக்குப் பின்னால் ஓடிற்று. இன்னோர் இடத்தில் கருவி பிள்ளை நின்ற இடத்துக்கு வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்!

கதவு மூடியபோது

தமிழ்நாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. 1-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம்தான் கதவு திறந்தது.

இடையில் டெலிவிஷனில் பாடம் வந்தது. செல்போனில் பாடம் வந்தது. செல்போன் இருந்தவர் பார்த்தார்கள். தகப்பனாரோடு செல்போன் கடலில் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? திரையில் வருபவரிடம் "எனக்குப் புரியவில்லை" என்று கையைத் தூக்க முடியுமா?

கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். படிப்பில் பெரிய பள்ளம் விழுந்திருப்பது தெரிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்திருந்தது!

தூர்த்தது எது? பள்ளிக்கூடம் திறந்தது பெரிய காரணம். இன்னொரு காரணம் 2021-ம் ஆண்டு தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி". தெருவில் உள்ள படித்த பெண்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சுமார் 2 லட்சம் தொண்டர்கள். மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களால் வந்தது என்று கணக்கிட்டார்கள். பெரிய இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்ல ஒரு அக்கா இருந்தார்.

அரும்பு, மொட்டு, மலர்

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. ஒரே வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடத்துவது இதன் முறை. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஆசிரியரின் கைக்கருவி உதவுகிறது.

யோசனை நல்ல யோசனை. ஆனால் இங்கேயும் ஒரு முள் இருக்கிறது. விவரங்களைக் கருவியில் பதிவு செய்வதிலேயே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குறை கூறி வந்திருக்கின்றன. பிள்ளையைப் பார்க்கவேண்டிய கண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், கருவி வந்தும் பயன் என்ன?

காதுக்கு ஒரு கருவி

காது மந்தமான அந்தச் சிறுமிக்கு வருவோம். பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்கு, காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் தமிழ்நாட்டில் முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்யப்படுகிறது. கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடாது. கேட்பது எது, சொல்வது எது என்று மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கவேண்டும். பயிற்சி நின்றால், கருவி காதில் வெறும் நகைதான்.

கண் தெரியாத மாணவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் "என்.வி.டி.ஏ." என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கண் தெரியாத இரு இளைஞர்கள் 2006-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார்கள். விலை கிடையாது. தமிழும் வாசிக்கும். பள்ளியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம். தேவை, கற்றுக்கொடுக்க ஒரு ஆள்.

பெற்றோர் கேட்கவேண்டியவை

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குறைபாடும் அதில் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளையை "மக்கு" என்று ஒதுக்கக்கூடாது. சான்றிதழ் பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். சொல்லச் சொல்ல எழுத ஒருவரையும் கேட்கலாம்.

பள்ளிக்குப் போகும் பெற்றோர் "திரை இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிற்கவேண்டாம். "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான்? அவனுக்கு ஏற்ற பாடம் உண்டா? புரியாவிட்டால் யாரிடம் கேட்பான்?" இந்த மூன்றையும் கேட்கவேண்டும். படிக்காத தாயும் கேட்கலாம். கேட்பதற்குப் பட்டம் தேவை இல்லை.

கயிறு பிடிப்பவர்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ம் ஆண்டில். முத்துக் குளிப்பவர் கனமான கல்லைத் துணைகொண்டு கடலில் இறங்குவார். கல் அவரைச் சீக்கிரம் அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூச்சு அடக்கும் நேரம் ஒரு நிமிஷம்தான். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்ததும் இழுப்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது. கண்ணும் கையும் கயிற்றிலேயே இருக்கும்.

கல் இல்லாமல் அடிக்குப் போவது கஷ்டம். கயிறு பிடிப்பவர் இல்லாமல் இறங்க எந்தக் குளியாளும் சம்மதிக்கமாட்டார்.

வகுப்புச் சுவரில் திரை வரட்டும். பிள்ளையின் கையில் கருவி வரட்டும். உப்பளத்துப் பிள்ளைக்கும், காது கேளாத சிறுமிக்கும் கயிறு பிடிக்க ஒரு ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும். அவருடைய கையை மற்ற வேலைகளால் கட்டிப்போடாமல் இருக்கவேண்டும்.