கூடு காக்கும் மீனும் தூண்டிற்காரரும்

அமெரிக்க நாட்டு ஏரிகளில் தூண்டிலிடக் கற்கும் சிறுவர் பெரும்பாலும் முதலிற் பிடிப்பது புளூகில் என்னும் மீனையே. அஃது உள்ளங்கையளவினது; சிறுவாயுடையது; மண்புழுத் துண்டைத் தயக்கமின்றிக் கவ்வுவது. இதனை எங்கே, எப்பொழுது பிடிப்பதென வினவுவார்க்கு, "வேனிற்காலத் தொடக்கத்தில் கரையோரஞ் செல்க" என்றே அனுபவசாலிகள் பலரும் விடை பகர்வர். அவ்விடை மெய்யேயாயினும் நன்றன்று என்பது எம் கருத்து.

நீரின் வெப்பம் பாரன்ஹீட் 70 டிகிரியை அண்மும் மே, ஜூன் மாதங்களில், ஆண்மீன்கள் ஆழமில்லா மணற்பாங்கான இடங்களில் வாலாற் மண்ணைத் துடைத்துத் தட்டுப்போன்ற குழிகளை அமைக்கின்றன. அவை நெருங்கியிருத்தலால் கரையில் நிற்பார்க்கும் எளிதிற் புலப்படும். பெண்மீன் முட்டையிட்டு அகல, ஆண்மீனே துடுப்பால் நீரை வீசிக் காவல் நிற்கும். அணுகும் எதனையும் அது பாய்ந்து கவ்வுதலின், தூண்டிற்காரரின் கூடை விரைவில் நிரம்புகின்றது. காவலன் நீங்கியவுடன் பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

கேடு அம்மட்டில் நிற்பதில்லை. பெரிய ஆண்மீன்கள் உள்ளவரை இளையவை கூடமைக்க முந்தாமல் உடல் வளர்க்கும். பெரியவை தொலைந்தபின், இளையவை காலத்திற்கு முன்னரே இனப்பெருக்கத்திற் புகுதலால் அவற்றின் வளர்ச்சி குன்றுகின்றது. ஏரியிற் சிறுமீன்களே எஞ்சுகின்றன. மின்னசோட்டா அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டு முதல் பல ஏரிகளில் ஒருவர் நாளொன்றுக்கு 5 அல்லது 10 மீன்களுக்கு மேற் கொள்ளலாகாதென வரம்பிட்டது இதுபற்றியே.

ஆகலின், பெருமீன் விரும்புவோர் முட்டையிடும் பருவங் கழியும்வரை பொறுத்து, நடுக்கோடையில் நீர்ப்பூண்டுகளின் வெளிவிளிம்பை நாடி, 10 முதல் 20 அடி ஆழத்தில், விடியலிலும் அந்தியிலும் தூண்டிலிடுதல் தகும். கூடை நிரம்பாதே என்பார்க்கு எம்மிடம் மறுமொழியில்லை, நிரம்பாதுதான்.

இம்மீனுக்குத் தாயகமல்லாத ஏரிகளில் எம் கருத்து நேர்மாறானது. ஜப்பான் நாட்டுப் பட்டத்திளவரசர் அக்கிஹிட்டோவுக்குச் சிகாகோ நகரத் தலைவர் 1960-இல் அன்பளிப்பாகத் தந்த புளூகில்களின் வழித்தோன்றல்கள், பீவா ஏரியிற் பெருகிச் சுதேச மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டு கேடு விளைத்தன. பேரரசரான பின்னர், 2007-இல், இதன் பொருட்டுத் தாம் மனம் நோவதாக அவரே வெளிப்படையாகக் கூறினார். அங்கே கூட்டின்மேல் நிற்கும் காவலனையே முதலிற் பிடித்தல் வேண்டும். பிடித்ததை மீண்டும் ஏரியில் விடுதலை அப்பகுதிச் சட்டம் 2003 முதல் விலக்கியுள்ளது. அம்மீன்களை இடுதற்கென்றே கரையோரங்களிற் பெட்டிகளும் வைத்தனர்.