பாணுக்குள் புகுந்த சோளம்

உண்ணும் உணவைக் கொண்டு மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிப்பது உலகின் பழைய நோய்களுள் ஒன்று. பாண் உண்பது நாகரிகம், பிட்டு உண்பது பட்டிக்காட்டுத்தனம் என்று எண்ணும் சிலரை நம்மிடையேயும் காண்கிறோம். இந்நோய்க்கு நல்ல மருந்தொன்று மெக்சிக்கோ நாட்டுச் சிற்றுண்டிச் சாலைகளில் விலைக்குக் கிடைக்கிறது. அதன் பெயர் 'தோர்த்தா'.

சாண்ட்விச் என்றதும், ஓரம் அரிந்து வெண்ணெய் பூசி முக்கோணமாக வெட்டிய பாண் துண்டே நம் நினைவுக்கு வரும். தோர்த்தா அத்தகைய மென்மையான பண்டமன்று. கைக்கு அடங்காத முழுப் பணிஸ் ஒன்றை இரண்டாகப் பிளந்து, உள்ளிருக்கும் மென்பகுதியிற் சிறிது கிள்ளி எடுத்துவிட்டு, இரும்புக் கல்லில் வாட்டுவர். ஒரு பாதியில் அவித்து மசித்துப் பொரித்த அவரை விதையையும், மறுபாதியில் ஆனைக்கொய்யாவின் சதையையும் பூசுவர். இடையே பொரித்த இறைச்சியோ, முட்டையோ, பாற்கட்டியோ இடம்பெறும். தக்காளியும் வெங்காயமும், புளிக்காடியில் ஊறிய பச்சை மிளகாயும் சேர, அது முழு உணவாகிவிடும். குவாதலஹாரா நகரிலோ, பன்றியிறைச்சி வைத்த தோர்த்தாவைத் தக்காளி, மிளகாய்க் குழம்பில் தோய்த்தே பரிமாறுவர். அதற்கு 'மூழ்கிய தோர்த்தா' என்பது பொருந்திய பெயரே. அங்குள்ள பாணின் மேற்றோல் தடித்ததாதலின், குழம்பில் நனைந்தும் எளிதிற் கரைவதில்லை.

இத்துணைச் சுவையான பண்டத்தின் பின்னே கசப்பான வரலாறு ஒன்று உண்டு. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் சோளத்தைத் தம் உயிராகப் போற்றியவர்கள். மனிதன் சோள மாவினாற் படைக்கப்பட்டான் என்பது மாயர் புராணம். 1521இல் ஸ்பானியர் அந்நாட்டுத் தலைநகரைக் கைப்பற்றினர். அவர்களுடன் கோதுமையும் வந்தது. ஆபிரிக்காவிற் பிறந்து ஸ்பானியப் படையிற் சேர்ந்த ஹுவான் கரீடோ என்பவர், அந்நாட்டில் முதன்முதற் கோதுமை விதைத்தவர் தாமே என்று 1538இல் அளித்த விண்ணப்பத்திற் கூறியுள்ளார். அதுமுதல் கோதுமைப் பாண் ஆண்டோரின் உணவாகவும், சோள ரொட்டி ஆளப்பட்டோரின் உணவாகவும் கருதப்படலாயின.

இவ்வேற்றுமைக்குக் கல்வி கற்றோரும் துணைநின்றதுதான் வருந்தத்தக்கது. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னஸ் என்னும் மெக்சிக்கோ அரசியல்வாதி, மனித குலத்தைக் கோதுமை உண்போர், அரிசி உண்போர், சோளம் உண்போர் என மூன்றாகப் பிரித்து, கோதுமை உண்போரே முன்னேற வல்லவர் என்று எழுதினார். சோறுண்ணும் நாமும் அவர் கணக்கிற் பின்தள்ளப்பட்டவர்களே!

உண்மை வேறாக இருந்தது. பழங்குடிப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். அதனால் நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேரக்கூடியதாயிற்று. அம்முறையை அறியாது சோளத்தை மட்டும் பெரும்பாலும் உண்ட வட இத்தாலிய ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் வருத்தியது. தானியத்தில் இழிவில்லை, அதைப் பக்குவப்படுத்தும் அறிவு எவரிடம் இருந்தது என்பதே கேள்வி.

மெக்சிக்கோ நகரின் தொழிலாளர் புல்னஸுக்கு எந்நூலும் எழுதி மறுப்புரைக்கவில்லை. ஆண்டோரின் பாணை வாங்கினர். தம் அவரையையும் மிளகாயையும் ஆனைக்கொய்யாவையும் அதனுள் வைத்து உண்டனர். காலையில் வேலைக்கு விரைவோர், சோள மடலில் வைத்து ஆவியில் அவித்த 'தமால்' என்னும் சோளப் பண்டத்தையே பாணுக்குள் வைத்து, சோளக் கஞ்சியோடு உண்பதும் அந்நகர வழக்கம். 'குவஹொலோத்தா' எனப்படும் அவ்வுணவில் கோதுமையும் சோளமும் ஒரே கவளமாகிவிடுகின்றன. அங்கே உயர்ந்தது எது, தாழ்ந்தது எது?

2010இல் மெக்சிக்கோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அச்சமையலின் அடிப்படை, ஒரு காலத்தில் இகழப்பட்ட அதே சோளந்தான்.

நமக்கும் இக்கதையிற் பங்குண்டு. 'பாண்' என்னும் நம் சொல் போர்த்துக்கேயர் தந்தது. மிளகாயோ மெக்சிக்கோ மண்ணிற் பயிராகி, கடல் கடந்து நம்மை அடைந்தது; மிளகைப்போற் காரமுடைய காய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். ஆகவே பாணும் சம்பலும் உண்ணும் ஒவ்வொரு வேளையும் நாமும் இரு கண்டங்களை ஒரு தட்டிற் சேர்க்கிறோம். பெற்றோர்களே, பிறர் உணவைச் சுவைக்கப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். அதனால் தம் உணவு தாழ்ந்தது என்று அவர்கள் எண்ணாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.